ஆங்கிலம், புவியியல் ரெண்டும் நடத்தணும்: பி.எட்.டில் எந்த மேஜர்?

வேலங்குடி | 14 ஜூன் 2025
பி.ஏ. ஆங்கிலம் முடித்தாயிற்று. பிளஸ் டூவில் புவியியல்தான் பிடித்த பாடம். ஹைஸ்கூலில் இரண்டையும் நடத்த ஆசை. பி.எட்.டில் இரண்டு மேஜர் எடுக்கலாம் என்கிறார் ஒருவர். கிடையாது என்கிறார் இன்னொருவர். தபால்வழியில் எம்.ஏ. புவியியல் போட்டால் அதை வைத்து பி.எட். புவியியலில் சேர முடியுமா?

மழைமானி | 14 ஜூன் 2025
இருவர் சொல்வதும் சரி, காலம்தான் வேறு. பி.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்தபோது ஆப்ஷனல் ஒன்று, ஆப்ஷனல் இரண்டு என்று இருந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைக்குப் பிறகு, 2015-16 முதல் இரண்டாண்டுப் படிப்பு. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் கற்பித்தல் முறைப் பாடம் ஒன்றுதான். அந்த ஒன்றையே இரண்டு தாளாகப் படிக்க வேண்டும்.

அந்தப் பாடம் எது என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை, இளங்கலைப் பட்டம் முடிவு செய்கிறது. முதுகலையைப் பார்த்துச் சேர்ப்பது பொருளியல், வணிகவியல் மாதிரி சில பாடங்களுக்கு மட்டும். ஆங்கிலம், வரலாறு, புவியியல் எல்லாம் இளங்கலையை வைத்துத்தான். ஆகவே எம்.ஏ. புவியியல் அந்தக் கதவைத் திறக்காது.

இளங்கலை மதிப்பெண் வரம்பு: பொதுப்பிரிவு 50 சதவீதம், பி.சி. 45, எம்.பி.சி. 43, எஸ்.சி., எஸ்.டி. 40.

சிவப்பு மை | 14 ஜூன் 2025
எம்.ஏ. புவியியலில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாளைக்கு டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) மூலம் பி.ஜி. அசிஸ்டென்ட், அதாவது முதுகலை ஆசிரியர் ஆக நினைத்தால் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பி.ஏ. ஆங்கிலம், எம்.ஏ. புவியியல் என்றால் பிளஸ் ஒன், பிளஸ் டூ அரசுப் பணியில் இரண்டு பாடத்துக்கும் நீங்கள் வெளியாள். ‘கிராஸ் மேஜர்’ என்று ஸ்டாஃப் ரூமில் முணுமுணுப்பது இதைத்தான்.

பொட்டல் | 15 ஜூன் 2025
ஓராண்டில் இரட்டைப் பட்டம் வாங்கித் தருகிறோம் என்று யாராவது கூப்பிட்டால் போனை வையுங்கள். மூன்றாண்டுப் பட்டத்துக்கு அது சமமில்லை என்று வழக்குப் போய்த் தீர்ந்த விஷயம். இரண்டாவது பட்டம் வேண்டுமென்றால் முழு மூன்றாண்டு.

வேலங்குடி | 15 ஜூன் 2025
அப்படியென்றால் புவியியலை மறந்துவிட வேண்டியதுதானா?

மழைமானி | 15 ஜூன் 2025
யார் மறக்கச் சொன்னது? பணி நியமனம் வேறு, வகுப்பறை வேறு.

நியமனத்தில் நீங்கள் ஆங்கில பி.டி. அசிஸ்டென்ட், அதாவது பட்டதாரி ஆசிரியர். ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை. அவ்வளவுதான். சின்ன ஹைஸ்கூலில் ஆள் பற்றாக்குறை வந்தால் சமூக அறிவியல் பீரியட் உங்கள் தலையில் விழும். யாரும் கேட்டுவிட்டுக் கொடுப்பதில்லை, டைம்டேபிளில் பெயர் இருக்கும். புவியியல் பி.டி. ஆனவர்களின் கதையும் அதேதான். சமச்சீர் சமூக அறிவியல் ஒரே புத்தகம்: வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல். பி.எஸ்சி. புவியியல் முடித்தவர் வாரத்தில் பாதி நாள் வரலாறு நடத்துவார். புவியியல் மட்டும் நடத்துகிற வேலை பத்தாம் வகுப்புக்குக் கீழே அரசுப் பள்ளியில் கிடையாது.

டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில்தான் உங்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது. இரண்டாம் தாளில் மொத்தம் 150 கேள்வி: குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, மொழி ஒன்று 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல். கணித, அறிவியல் ஆசிரியருக்கு முதலாவது, சமூக அறிவியல் ஆசிரியருக்கு இரண்டாவது. மொழி ஆசிரியர் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். சமூக அறிவியலை எடுங்கள். பின்னால் மூன்றாண்டுப் புவியியல் பட்டம் சேர்த்தாலும் அதே டெட் சான்றிதழ் செல்லும். கணிதம்-அறிவியலில் தேர்ச்சி பெற்றிருந்தால் புவியியல் பணியிடத்துக்காக மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

கடைசி பெஞ்ச் | 15 ஜூன் 2025
டெட் சான்றிதழ் ஏழு வருஷம்தானே செல்லும்? அதற்குள் இன்னொரு டிகிரி முடிக்கணுமா?

சிவப்பு மை | 15 ஜூன் 2025
பழைய விதி. 2021-இல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றினார்கள், 2011-க்குப் பிறகு தேர்ச்சி பெற்ற எல்லாருக்கும் சேர்த்து.

ஆனால் டெட் தேர்ச்சி வேலை இல்லை. 2018-இல் வந்த அரசாணை 149-இன்படி டெட் முடித்தவர்கள் நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். அப்படி வந்த பி.டி. தேர்வு 2024 பிப்ரவரி 4 அன்று நடந்தது. அதில் முதலில் தமிழ்த் தகுதித் தாள், 50 மதிப்பெண்ணுக்கு 20 வாங்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கிலம் படித்தவர்கள் ‘தமிழ்தானே’ என்று விட்டுவிடுகிற இடம் இது.

பொட்டல் | 17 ஜூன் 2025
பயிற்று மொழி பற்றி யாரும் பேசவில்லையே. புவியியல்காரர்களுக்கு இது பெரிய விஷயம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை 2010 சட்டத்தில் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழ்வழி என்றால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். அப்படி வந்த பி.எஸ்சி. புவியியல்காரர் பி.எட்.டை மட்டும் ஆங்கில வழியில் எடுத்தால் சங்கிலி அறுந்துவிடும். விண்ணப்பத்தில் ஒரு டிக். கவனிக்காமல் போடுகிறார்கள்.

வேலங்குடி | 17 ஜூன் 2025
கேந்திரிய வித்யாலயாவில்?

மழைமானி | 18 ஜூன் 2025
அங்கே கணக்கு வேறு. டி.ஜி.டி. (அங்கே பட்டதாரி ஆசிரியர்) ஆங்கிலத்துக்குப் பட்டப்படிப்பின் மூன்று ஆண்டும் ஆங்கிலம் பாடமாக இருந்திருக்க வேண்டும், உங்களுக்குப் பிரச்சினையில்லை. சமூக அறிவியலுக்கு வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் நான்கில் இரண்டு வேண்டும், அதில் ஒன்று வரலாறாகவோ புவியியலாகவோ இருக்க வேண்டும். நம்மூர் பட்டம் ஒற்றை மேஜர். அலைடு (துணை) பாடம் ஓராண்டோ ஈராண்டோதான். அதனால் மேஜர் புவியியலாக இருந்தும் இரண்டாவது பாடம் இல்லாமல் விண்ணப்பம் நிற்கும். மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறிவிப்பை வரிவரியாகப் பாருங்கள். டெட்டுக்குப் பதில் அங்கே மத்தியத் தகுதித் தேர்வான சிடெட்.

கடைசி பெஞ்ச் | 18 ஜூன் 2025
பி.எட்.டைத் தபாலில் முடிக்கலாமா?

பொட்டல் | 18 ஜூன் 2025
ஏற்கெனவே ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் அது. பட்டதாரி நேராகச் சேர முடியாது. ‘கல்லூரிக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்’ என்கிற வகையும் ஊரில் உண்டு. அதில் சேர்ந்தவர் முதன்முதலில் வகுப்பில் நிற்கும்போது எதிரே 45 பிள்ளைகள் இருப்பார்கள், பின்னால் கைடு டீச்சர் இருக்க மாட்டார்.

வேலங்குடி | 2 ஜூலை 2025
சரி, ஆங்கிலம்தான். இனி வகுப்பு விஷயம். மைக்ரோ டீச்சிங் என்றால் என்ன செய்ய வேண்டும்? சீனியர்கள் ‘ரெக்கார்டு எழுதினால் போதும்’ என்கிறார்கள்.

சிவப்பு மை | 2 ஜூலை 2025
ரெக்கார்டு எழுதினால் மார்க் வரும், கை வராது.

ஒரு சுற்று 36 நிமிடம்: கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு திறன். கேள்வி கேட்கும் திறன் என்றால் கேள்வி மட்டும், கரும்பலகை என்றால் கரும்பலகை மட்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சக மாணவர்கள். அவர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நடிக்காமல் சட்டென்று சரியான விடை சொல்லிவிடுவதில்தான் முக்கால்வாசி சுற்று கெடுகிறது. தப்பான விடை வந்தால் என்ன செய்வது என்று பழகத்தான் அந்த ஆறு நிமிடம். இரண்டு பேரைத் தப்பாகச் சொல்லச் சொல்லி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பின்னூட்டத்தில் ‘நல்லா இருந்தது’ என்பதை ஏற்காதீர்கள். எண்ணச் சொல்லுங்கள். எத்தனை கேள்வி, அதில் ஆம்-இல்லை விடை வருவது எத்தனை, கேட்டபின் எத்தனை நொடி காத்திருந்தீர்கள். புதியவர்கள் ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை, விடையைத் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

மழைமானி | 3 ஜூலை 2025
இதோடு ‘புரிஞ்சுதா?’ என்கிற கேள்வியையும் எண்ணச் சொல்லுங்கள். அதற்கு ‘எஸ் மிஸ்’ தவிர வேறு விடை தமிழ்நாட்டில் இதுவரை வந்ததில்லை.

வேலங்குடி | 19 ஜூலை 2025
ஆங்கில வகுப்பில் வரிக்கு வரி தமிழில் சொல்லாமல் எப்படி நடத்துவது? தமிழே பேசாமல் இருந்தால் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

சிவப்பு மை | 20 ஜூலை 2025
தமிழ் பேசலாம். எங்கே பேசுவது என்பதில்தான் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு உரைநடை, 45 நிமிட பீரியட் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு மூன்று பத்திக்கு மேல் எடுக்காதீர்கள். கதை நகராமல் போகிற அளவுக்கு முக்கியமான ஐந்தாறு சொல்லை மட்டும் முதலில் எடுங்கள், பொருளைத் தமிழில் சொன்னால்கூடத் தவறில்லை, நேரம் மிச்சம். பிறகு இரண்டு கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். எழுதியபிறகுதான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். விடை தேடிக்கொண்டே மௌனமாக வாசிக்க ஐந்து நிமிடம். அதன் பின் நீங்கள் உரக்க வாசிப்பது. வரிசை மாறி முதலில் நீங்கள் வாசித்துத் தமிழில் சொல்லிவிட்டால் பிள்ளை ஆங்கில வரியைப் பார்க்கவே தேவையில்லை, உங்கள் வாயைப் பார்த்தால் போதும். அதைத்தான் அவர்கள் ஆறு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கடைசிப் பத்து நிமிடம் எழுத்து. அதை வெட்டாதீர்கள். பயிற்சி ஆசிரியர்கள் எல்லாருமே வெட்டுவது அதைத்தான், மணி அடித்துவிடும்.

சிவப்பு மை | 20 ஜூலை 2025, இரவு
உச்சரிப்பையும் இங்கேயே வைக்கிறேன். ‘பூங்கா’வுக்கான ஆங்கிலச் சொல்லும் ‘குரைப்பதற்கான’ சொல்லும் தமிழெழுத்தில் இரண்டுமே ‘பார்க்’. பிள்ளையின் காதிலும் அப்படியே. தொண்டையில் விரல் வைத்து அதிர்வைப் பார்க்கச் சொல்வது ஒரு வழி. உதட்டுக்கு நேரே துண்டுத்தாளைத் தொங்கவிடுவது இன்னொன்று: பூங்காவுக்கு முதல் எழுத்தில் காற்று வெடித்துத் தாள் ஆட வேண்டும், குரைப்புக்கு ஆடக் கூடாது. இரண்டு விரல் அகலத் தாள், மெல்லியதாக. நோட்டு அட்டையை எடுத்துவந்தால் புயலடித்தாலும் ஆடாது.

மழைமானி | 9 ஆகஸ்ட் 2025
ஆங்கிலம் நடத்துபவருக்குப் புவியியல் எங்கே உதவும் என்று தனியே ஒருவர் கேட்டார். நான் தலைகீழாகச் சொல்வேன். ஆங்கிலவழிப் பிரிவில் புவியியல் விடை பாதி தோற்பது புவியியலால் இல்லை, வாக்கியத்தால்.

மழை மறைவுப் பகுதியை எடுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை, தென்மேற்குப் பருவக்காற்று, கேரளப் பக்கம் மழை, தேனிப் பக்கம் வறட்சி. பிள்ளைக்கு எல்லாம் தெரியும். தாளில் நான்கு தனி வாக்கியமாக எழுதும், எது எதனால் என்று ஒன்றையொன்று இணைக்கத் தெரியாது. பாடம் முடிந்ததும் ‘பிகாஸ்’, ‘ஆஸ் எ ரிசல்ட்’, ‘வேர்ஆஸ்’ மூன்றையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் ஒருமுறை பயன்படுத்தி மூன்று வாக்கியம் எழுதச் சொன்னால் ஐந்து மதிப்பெண் விடை தயார். இது ஆங்கில ஆசிரியரின் கைவேலை. புவியியல் பி.எட்.டில் யாரும் சொல்லித் தருவதில்லை.

பொட்டல் | 10 ஆகஸ்ட் 2025
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். பயிற்சி ஆசிரியர்கள் புவியியலிலும் தோற்கிறார்கள். பருவகாலப் பாடத்தைப் பாருங்கள். நடுவில் விளக்கு, கையில் உருண்டை, சுற்றி வருவார்கள். சுற்றும்போது அச்சின் சாய்வையும் சேர்த்துத் திருப்பிவிடுவார்கள், வட துருவம் எப்போதும் விளக்கைப் பார்த்தபடியே இருக்கும். அந்த உலகத்தில் நமக்கு வருஷம் பூராவும் கோடை. அச்சு நான்கு நிலையிலும் வகுப்பறையின் ஒரே மூலையை நோக்கியே இருக்க வேண்டும். மூலையில் ஒரு பிள்ளையை நிறுத்தி ‘நீதான் துருவ நட்சத்திரம்’ என்று சொல்லிவிட்டால் தவறாது.

இன்னொன்று: புத்தகப் படத்தில் சுற்றுப்பாதை நீள்வட்டமாகத் தெரிவதால், பக்கத்தில் வந்தால் கோடை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கி.மீ. ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. நம் ஊரில் மார்கழிக் குளிரில் பூமி அருகில் இருக்கிறது என்று சொன்னால் அந்த எண்ணம் அங்கேயே உடையும்.

வேலங்குடி | 10 ஆகஸ்ட் 2025
வரைபடத்தில் ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் சம உயரக் கோடு? எனக்கே பிளஸ் டூவில் குழப்பம்தான்.

மழைமானி | 11 ஆகஸ்ட் 2025
உருளைக்கிழங்கு. பெரியது, நீளவாக்கில் பாதியாக வெட்டி வெட்டுப்பக்கம் கீழே. அதுதான் மலை. மேலிருந்து கீழே செங்குத்தாக இரண்டு இடத்தில் ஊதுவத்திக் குச்சியால் துளை போடுங்கள். ஸ்கேல் வைத்து ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு சுற்றிலும் இழுத்து, கோட்டில் கிடைமட்டமாக அரிய வேண்டும். அடிவில்லையைத் தாளில் வைத்து விளிம்பை வரைந்து, துளை வழியே இரண்டு புள்ளி. அடுத்த வில்லையை அதே புள்ளிகளில் துளை பொருந்தும்படி வைத்து விளிம்பு. மேலே வர வர வட்டம் சிறுக்கும். துளை போடாமல் அரிந்தவர்களுக்கு வில்லை நகர்ந்து கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். சம உயரக் கோடுகள் வெட்டிக்கொள்ளக் கூடாது என்பதைச் சொல்ல அதுவும் ஒரு வழிதான்.

பள்ளத்தாக்கும் மலைமுனையும் (மலையிலிருந்து நீண்டு இறங்கும் மேடு) குழம்பும் இடம்: கோடு வளைந்து கூராகும் முனை உயரமான பக்கத்தைக் காட்டினால் பள்ளத்தாக்கு, தாழ்வான பக்கத்தைக் காட்டினால் மலைமுனை. உருளைக்கிழங்கின் பக்கவாட்டில் கத்தியால் ஒரு ஓடையைக் கீறிவிட்டு அரிந்தால் இது தானாக வரும்.

அதற்குப் பிறகு டோப்போ ஷீட், அதாவது சர்வே ஆஃப் இந்தியாவின் நிலவரைபடத் தாள். 1:50,000 அளவில் ஒரு தாள் 15 நிமிட (கால் டிகிரி) அட்சம், 15 நிமிடத் தீர்க்கம். தாளில் 2 செ.மீ. தரையில் 1 கி.மீ. சம உயரக் கோட்டு இடைவெளி 20 மீட்டர். பழுப்பில் இருப்பது உயரக் கோடு, நீலம் நீர், பச்சை மரஞ்செடி, மஞ்சள் விளைநிலம், சிவப்பு குடியிருப்பும் சாலையும். பள்ளி இருக்கும் தாளையே எடுங்கள். பிள்ளைகள் முதலில் தேடுவது தங்கள் தெருவை. தேடட்டும், பத்து நிமிடம் விடுங்கள்.

கடைசி பெஞ்ச் | 11 ஆகஸ்ட் 2025
அந்த உருளைக்கிழங்கை அப்புறம் பொரியல் பண்ணலாமா?

பொட்டல் | 11 ஆகஸ்ட் 2025
ஊதுவத்தி வாசனையோடு.

சிவப்பு மை | 2 செப்டம்பர் 2025
மேலே ஜூனில் எழுதியதோடு சேர்க்க வேண்டியது. நேற்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் டெட் கட்டாயம். ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் தொடரலாம், பதவி உயர்வு வேண்டுமென்றால் தேர்ச்சி வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது.

புதிதாக வருபவருக்கு விதி மாறவில்லை. ஆனால் உங்கள் கைடு டீச்சரும் இப்போது குழந்தை மேம்பாடு புத்தகத்தைத் தேடிக்கொண்டிருப்பார். குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

வேலங்குடி | 21 செப்டம்பர் 2025
இன்டர்ன்ஷிப்பில் ஆங்கிலம் மட்டும்தான் எடுக்க முடியுமா?

மழைமானி | 21 செப்டம்பர் 2025
மொத்தம் 20 வாரம்: முதலாண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. முதல் நான்கு வாரம் பெரும்பாலும் கவனிப்பு. பதினாறு வாரத்தில் மதிப்பிடப்படும் வகுப்பு எல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் சமூக அறிவியல் ஆசிரியர் லீவு போடும் நாளில் அந்த பீரியடை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெச்.எம்.மிடம் முதல் வாரமே சொல்லி வையுங்கள், ‘புவியியல் பாடம் எடுக்கத் தெரியும்’ என்று. ரெக்கார்டில் ஏறாது. சமூக அறிவியல் ஆசிரியரிடம் மட்டும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அவர் திட்டமிட்ட பாடத்தை நீங்கள் முடித்துவைத்தால் மறுநாள் அவருக்குக் கோபம் வரும்.

பொட்டல் | 4 அக்டோபர் 2025
அடைவுத் தேர்வு (பிள்ளைகள் கற்றதை அளக்கும் தேர்வு) ரெக்கார்டைப் பலர் கடைசி வாரம் வீட்டில் உட்கார்ந்து கற்பனையில் எழுதுகிறார்கள். எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், முதலில் திறப்பது அதைத்தான். காரணம், பொய் எண்ணில் கணக்கு உதைக்கும்.

உண்மையாகச் செய்தால் இவ்வளவுதான். 40 பேர் எழுதினால் மதிப்பெண் வரிசைப்படி தாள்களை அடுக்கி மேலிருந்து 27 சதவீதம், கீழிருந்து 27 சதவீதம், அதாவது 11 தாள், 11 தாள். ஏழாவது கேள்வியை மேலே 9 பேரும் கீழே 4 பேரும் சரியாக எழுதியிருந்தால் கடினக் குறியீடு (சரியாக எழுதியவர்களின் பங்கு) 13-ஐ 22-ஆல் வகுக்க 0.59. பிரித்தறியும் குறியீடு (நன்றாகப் படிப்பவரையும் மற்றவரையும் கேள்வி எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பது) 9-இல் 4 போக 5-ஐ 11-ஆல் வகுக்க 0.45. இது 0.3-க்கு மேல் என்றால் கேள்வி நல்ல கேள்வி. கழித்தல் குறியில் வந்தால் நன்றாகப் படிப்பவர்கள் தப்பாகவும் மற்றவர்கள் சரியாகவும் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். முக்கால்வாசி நேரம் விடைக்குறிப்பு தப்பு, இல்லாவிட்டால் கேள்வியில் இரண்டு விடை. கற்பனையில் எழுதுபவர்களுக்கு ஒரு கேள்விகூடக் கழித்தலில் வராது. அங்கேதான் மாட்டுகிறார்கள்.

புளூபிரிண்டில் (வினாத்தாள் திட்ட அட்டவணையில்) கிடைவரிசைக் கூட்டலும் நெடுவரிசைக் கூட்டலும் ஒரே மொத்தத்துக்கு வர வேண்டும். வராமல் வெள்ளை மை பூசியிருந்தால் அதையும் பார்ப்பார்.

வேலங்குடி | 18 நவம்பர் 2025
டெட் தாள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. பொதுப்பிரிவுக்கு 90, மற்றவர்களுக்கு 82 என்பதுதானே? அடுத்து சார்ட் வேலை. கடையில் இந்தியா, தமிழ்நாடு மேப் சார்ட் வாங்கினால் போதுமா, வரைய வேண்டுமா?

மழைமானி | 18 நவம்பர் 2025
ஆமாம், 2025 தேர்வு அறிவிப்பின்படி 90, 82.

கடைச் சார்ட்டை வாங்கும் முன் எண்ணிப் பாருங்கள். 32 மாவட்டத்தோடு இன்னும் விற்கிறார்கள். 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வந்து 37, அடுத்த ஆண்டு மயிலாடுதுறை சேர்ந்து 38. இந்தியா மேப்பில் 29 மாநிலம் என்றிருந்தால் 2019 அக்டோபர் 31-க்கு முந்தைய அச்சு. இப்போது 28 மாநிலம், 8 யூனியன் பிரதேசம். லடாக் தனியாக இருக்கிறதா, தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இணையத்தில் எடுத்துப் பெரிதாக்கி அச்சடிப்பதாக இருந்தால் சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தையே எடுங்கள். வெளிநாட்டுத் தளத்துப் படங்களில் காஷ்மீர் எல்லை புள்ளிக்கோடாக இருக்கும், எக்ஸ்டர்னல் சார்ட்டை அங்கேயே கழற்றச் சொல்லிவிடுவார்.

சிவப்பு மை | 18 நவம்பர் 2025
ஊர்ப் பெயர்களை மார்க்கரால் எழுதும்போது கடைசி வரிசையில் போய் நின்று ஒருமுறை பாருங்கள். எழுத்து மூன்று செ.மீ. உயரத்துக்குக் குறைந்தால் அங்கிருந்து படிக்க முடியாது. மஞ்சள் மார்க்கர் எந்த உயரத்திலும் தெரியாது.